ஆறாவது முட்டை

கோழி நாலு வாத்துக் குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஆறாவது முட்டை மட்டும் கூடையில் தனியாகக் கிடந்தது.

நேற்று மத்தியானமே அதில் மிளகளவு ஓட்டை விழுந்து, அலகு நுனி தெரிந்தது. ஒரு நாள் முழுக்கக் கழிந்தும் ஓட்டை பெரிதாகவில்லை.

சன்னாசி முட்டையை எடுத்துப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, உள்ளங்கையில் ஏந்தியபடி அடுப்போரம் உட்கார்ந்தான். கோழியின் சூடு போனால் குஞ்சு தாங்காது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்த அவன் மனைவி ராக்காயி, கைகூடக் கழுவாமல் எதிரே குந்தினாள்.

ஐந்தாவது முட்டையைக் கெடுத்தவள் அவள்தான். முந்தாநாள், குஞ்சு உள்ளே திணறுகிறதே என்று மனசு கேட்காமல் முட்டையின் ஓட்டை நகத்தால் பிய்த்தாள். உள்தோலில் ஓடிய ரத்த நரம்பு அறுந்தது. கொஞ்ச நேரத்தில் குஞ்சு தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

சன்னாசி குஞ்சை இலையில் சுருட்டி ரப்பர் மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தவன், வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சுவரில் அடுப்புக்கரியால் இருபத்தெட்டுக் கோடுகள். பழைய ஈயச் சுரங்கக் குட்டையோரம் வாத்து வளர்க்கும் சீனரிடம் அவனே போய்க் கேட்டு வாங்கி வந்த முட்டைகள். கோழியை அடைகாக்க வைத்த நாளிலிருந்து தினமும் ஒரு கோடு.

இதுவும் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் ராக்காயி இன்னும் கிட்டே நகர்ந்தாள்.

“ஏங்க, பிச்சி விட்டுரலாமா? உள்ளயே செத்துரப் போவுது.”

“இரு புள்ள. தோல்ல ஓடுற ரத்தத்தக் குஞ்சு இன்னும் உள்ள வாங்கல. தோலு காஞ்சி குஞ்சை இறுக்குது, அத மட்டும் நனைச்சி விட்டா போதும்லா.”

வெந்நீரில் துணி நுனியை நனைத்து, ஓட்டையைச் சுற்றி ஒற்றினான். மூக்கில் தண்ணீர் இறங்கிவிடாமல் முட்டையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். நகத்தால் ஓட்டில் ஒரு சின்னச் சில்லை மட்டும் நெம்பினான்.

உள்தோலில் சிவப்பாக ஒரு புள்ளி எட்டிப் பார்த்தது.

கையை எடுத்துவிட்டான்.

ராக்காயி முட்டையைப் பார்க்கவில்லை. அவன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை நடுங்கவில்லை.

பக்கத்து வீட்டு மாரியம்மா தன் வாசலில் நின்று, பிள்ளையைச் சேலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்திருந்தாள்.

மழை வந்து தகரக் கூரையில் அடித்துவிட்டு ஓய்ந்தது. அதுவரை அவன் அசையவில்லை. துணி ஆறும்போது நனைத்தான். மற்றபடி சும்மா இருந்தான்.

வெயில் சாயும் நேரத்துக்கு உள்ளேயிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. ஓட்டை விரிசலாகி, விரிசல் முட்டையைச் சுற்றி ஓடியது. மூடி திறந்ததுபோல் ஓட்டின் தலைப்பகுதி கழன்றது. ஈரப் பஞ்சாக ஒரு குஞ்சு அவன் உள்ளங்கையில் சரிந்தது.

புரட்டித் தொப்புளைப் பார்த்தான். காய்ந்திருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

“வந்துருச்சி புள்ள,” என்றான். சிரித்தான்.

ராக்காயி விரல் நுனியால் குஞ்சின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மாரியம்மா வாசலுக்குப் போனாள்.

“அக்கா, என் அருவாமனையக் குடுங்க. காய் இனிமே எங்க வீட்டுலயே நறுக்கிக்கிறேன்.”

மாரியம்மா உடனே நகரவில்லை.

சன்னாசி தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி முப்பது நாள் ஆகிறது. போன வருஷம் தன் கழுத்திலேயே கத்தியை வைத்துக்கொண்டவன். அவன் வருவதற்கு முந்தின நாளே ராக்காயி வீட்டிலிருந்த கூரான சாமான்களையெல்லாம் சாக்கில் கட்டி இங்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். பால் வெட்டும் கத்தியைக்கூட வேலை முடிந்ததும் இங்கே வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள்.

மாரியம்மா எட்டிப் பார்த்தாள். சன்னாசி குஞ்சை நெஞ்சோடு வைத்து, துணியால் ஒற்றிக்கொண்டிருந்தான்.

“அருவாமன மட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“எல்லாத்தையுந்தான் அக்கா.”