கேட் திறந்திருந்தால்

முதல் குத்திலேயே புரோகிராமரின் மூக்கு உடைந்தது. இரண்டாவது குத்துக்கு நாற்காலியோடு சரிந்தவர், கன்ட்ரோல் ரூம் சுவரில் தலை மோத விழுந்தார்.

"எங்கண்ணனைக் கொன்னுட்டு இங்க உக்காந்து பொட்டி தட்டிக்கிட்டு இருக்கியா?" தம்பிக்காரன் அவர் காலரைப் பிடித்துத் தூக்கினான். அண்ணனை அடக்கம் பண்ணிய கையோடு நேரே ஃபேக்டரிக்கு வந்திருந்தான். செருப்பில் இன்னும் ஈர மண். கையில் முழ நீளத்துக்கு ஒரு ஸ்பேனர்.

பின்னாலேயே ஓடி வந்த சோடாபுட்டி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். தகடு அழுத்தும் பிரஸ்ஸில் அவனோடு ஷிஃப்ட் மாறி வேலை பார்ப்பவர். கண்ணாடியின் கனத்தால் வந்த பெயர். "விடு தம்பி, ஆளு செத்துடப் போறாரு!"

"சாகட்டும்! உன்னைத் தள்ளிவிட்டுட்டு எங்கண்ணன் நசுங்கினானே, பார்த்துக்கிட்டுதானே கெடந்தே?"

தகடு சிக்கிக்கொண்டதென்று பிரஸ்ஸின் தடுப்பு கேட்டைத் தூக்கி உள்ளே கையை விட்டது சோடாபுட்டிதான். "கையை எடுய்யா!" என்று அலறிக்கொண்டே ஓடி வந்த சூப்பர்வைசர், தம்பிக்காரனின் அண்ணன், அவரை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, தடுமாறி உள்ளே விழுந்தார். பிரஸ் இறங்கியது. கழுத்துக்கு மேலே அடையாளம் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

கேட் திறந்திருந்தால் பிரஸ் இறங்கவே கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் மூலையில் பீரோ உயரத்துக்கு நின்ற அந்தப் பழைய கம்ப்யூட்டரின் வேலை. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. முகப்பில் வரிசையாக ஸ்விட்சுகளும் குட்டி விளக்குகளும் மட்டும். அதற்கு ஒவ்வொரு கட்டளையாக அசெம்பிளி மொழியில் எழுதிக் கொடுத்தவர்தான் இப்போது ரத்தம் ஒழுகத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"தப்பு எங்கேன்னு காட்டு. இல்லே, மண்டையைப் பொளந்துடுவேன்."

புரோகிராமர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை இழுத்தார். அந்தப் பழைய கம்ப்யூட்டர் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகாட்டும் எமுலேட்டரில் தன் புரோகிராமை ஏற்றி, கேட் திறந்திருப்பதாக வைத்து, கட்டளை கட்டளையாக நகர்த்தினார். ஒவ்வொரு தடவையும் அது கேட் வரைக்கும் வந்து, திறந்திருக்கிறதென்று பார்த்து, வந்த வழியே திரும்பிப் போனது.

"பொம்மை காட்டி ஏமாத்தறியா?" ஸ்பேனர் அவருடைய இடது கை விரல்கள் மேல் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் மூவருக்கும் கேட்டது.

"இது... நான் எழுதினது." வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "அந்த மெஷினுக்குள்ள இப்ப என்ன இருக்குன்னு பார்க்கணும்."

"அன்னைக்கே கரன்ட்டைப் பிடுங்கிட்டாங்க. எல்லாம் அழிஞ்சிருக்கும்," என்றான் தம்பிக்காரன்.

"அழியாது. அந்தக் காலத்து மெமரி, குட்டிக் குட்டிக் காந்த வளையம். கரன்ட் போனாலும் கடைசியா வச்சது அப்படியே இருக்கும்."

மெஷினுக்கு உயிர் கொடுத்து, புரோகிராமை ஓடவிடாமல், ஒற்றைக் கையால் ஸ்விட்சுகளை மேலும் கீழும் தட்டினார். ஒவ்வொரு இடமாக விளக்குகள் காட்டியதை லேப்டாப்போடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"கேட் திறந்திருந்தா திரும்பிப் போன்னு இங்க ஒரு கட்டளை இருக்கணும். இப்ப அந்த இடத்துல, ஒண்ணும் பண்ணாம அடுத்ததுக்குப் போன்னு இருக்கு. கேட் திறந்திருந்தாலும் பிரஸ் இறங்கிடும்."

"தானா மாறியிருக்கும் சார்," என்றார் சோடாபுட்டி.

"தானா மாறினா கன்னாபின்னான்னு மாறும். இது அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கு. யாரோ இந்த ஸ்விட்ச்சைத் தட்டிக் கையால போட்டது."

தம்பிக்காரன் அவர் குரல்வளையை நெரித்தான். "உன்னைத் தவிர எவனுக்குடா இது தெரியும்?"

"உங்கண்ணனுக்கு," மூச்சுத் திணறலோடு வந்தது பதில். "மெஷின் நின்னுபோனா திருப்பி ஓட்டணும்னு என்கிட்ட வந்து கத்துக்கிட்டார். போன வாரம்தான்."

"செத்தவன் மேல பழி போடறியா? போன மாசம் ஃபேக்டரியே வேடிக்கை பார்க்க அவன் பல்லை உடைச்சேன். மறுநாளே எனக்கு டீ வாங்கிக் குடுத்தான்யா! எறும்புக்குக்கூட கெடுதல் நினைக்காதவன்." ஸ்பேனர் தலைக்கு மேலே போனது.

புரோகிராமர் அதைப் பார்க்கவில்லை. சோடாபுட்டியைப் பார்த்தார். "அவர் கத்தினப்போ பிரஸ் இறங்க ஆரம்பிச்சிருச்சா?"

"இல்லே சார். உச்சியில சும்மாதான் நின்னுச்சு. அதனாலதானே நானும் தைரியமா கையை விட்டேன்."

"கேட் திறந்திருந்தா இறங்காதுன்னுதானே இங்க எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தோம். இறங்கப் போகுதுன்னு அவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

ஸ்பேனர் மேலேயே நின்றது. தம்பிக்காரன் சோடாபுட்டி பக்கம் மெல்லத் திரும்பினான். "ஏன்? உன்னைக் கொல்ல அவனுக்கு என்ன பகை?"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றினார்.

"அது உன் ஷிஃப்ட் தம்பி. அன்னைக்கு நீ வரலைங்கறதே உங்கண்ணனுக்குத் தெரியாது."