வீட்டுக்காரர் ஆடு

“மேடம், சார் ஆடு தோத்துப்போச்சு போலிருக்கே” என்றார் கொட்டகைக்காரர், குட்டியைத் தராசிலிருந்து இறக்கிவிட்டபடி.

அவள் எடையைக் குறித்துக்கொண்டாள். சார் என்றால் அவள் கணவர். இருவருக்கும் ஒரே கால்நடை ஆராய்ச்சி நிலையம். அவர் இனவிருத்திப் பிரிவு. மளமளவென்று எடை கூடும் கலப்பு ஆடு ஒன்றை உருவாக்கிப் பேர் வாங்கியவர். அவள் தீவனப் பிரிவு.

கடைத் தீவனம் எதுவும் போடாமல், வசதியில்லாத வீடுகளில் கொடுப்பதுபோல் வெறும் தழையும் புல்லும் கொடுத்தால் எந்த ஆடு நன்றாக வளரும்? இயக்குநர் அவளிடம் கொடுத்திருந்த ஆராய்ச்சி இதுதான். பதில் கண்ணெதிரே நின்றது. நாட்டுக் குட்டிகள் கொழுகொழுவென்று துள்ளின. கலப்புக் குட்டிகளுக்கு விலா எலும்பு தெரிந்தது.

மதியம் சாப்பாட்டு மேஜையில் மெல்லச் சொன்னாள்.

கணவர் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் கேட்டார். “எடை எப்போ போட்டே? தண்ணி காட்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடி. ஏன்?”

“எது எவ்வளவு குடிச்சதுன்னு யாருக்குத் தெரியும்? தண்ணியையும் சேர்த்து எடை போட்டிருக்கே. அப்புறம், உன் நாட்டுக் குட்டிங்க பாதிக்கு மேல ஒத்தையாப் பிறந்தது. என்னோடது எல்லாம் இரட்டை. ஒத்தைக் குட்டி தாய்ப்பாலைத் தனியாக் குடிச்சு முன்னாடியே தேறியிருக்கும். செல்லாது. மறுபடி செய்.”

“உங்க ஆடு ஜெயிக்கிற வரைக்கும் செய்யணுமா?”

“சரியா வர்ற வரைக்கும் செய்யணும்.”

“ஆட்டையே கட்டிக்கிட்டு அழறதுக்கு ரெண்டு பேரும் எதுக்கு ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டீங்க?” என்றாள் மாமியார், குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டே.

மறுநாள் ஆய்வகத் தோழி அவள் காதைக் கடித்தாள். “உனக்குப் புரியலையா? துணை இயக்குநர் பதவிக்கு உன் வீட்டுக்காரர் பேர் போயிருக்கு. அது கைக்கு வர்ற வரைக்கும் உன்னை இழுத்தடிக்கிறார்.”

‘அப்படியெல்லாம் இருக்காது’ என்று சொல்ல வாயெடுத்தாள். அவருடைய ‘செல்லாது’ காதில் ஒலித்தது.

வீம்புக்காகவே மறுபடி ஆரம்பித்தாள். ஒரே வயதுக் குட்டிகள், எல்லாமே இரட்டை. குடற்புழு மருந்து எல்லாவற்றுக்கும். காலையில் தண்ணீர் காட்டுவதற்கு முன்பே எடை. வீட்டிலோ அவர் விடுவதாயில்லை. “மேற்குப் பக்கக் கொட்டகையில வெயில் அதிகம். என் குட்டிங்களை அங்கேயே வெச்சிருக்கியா, மாத்தி மாத்திக் கட்டுறியா?” அவள் பாத்திரத்தை ‘ணங்’கென்று வைத்துவிட்டுப் போவாள். போய், மாற்றிக் கட்டவும் செய்வாள்.

முடிவு மாறவில்லை. கலப்பு ஆடு இந்த முறையும் தோற்றது.

அதற்குள் அந்தக் கலப்புக் குட்டிகளை ஏழைக் குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஒரு ஜோடி கொடுப்பதென்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. அதற்கான கூட்டத்தில்தான் அவள் தன் முடிவைச் சொல்ல எழுந்து நின்றாள்.

மேலிடத்து நிபுணர்கள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள்.

“எடை போடறதுல தப்பு நடந்திருக்கலாமே?”

“வெறும் வயித்துல போட்டோம் சார்.”

“ஒத்தைக் குட்டி, இரட்டைக் குட்டி வித்தியாசம்?”

“எல்லாமே இரட்டை சார்.”

“கொட்டகை?”

“மாத்தி மாத்திக் கட்டினோம் சார்.”

கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் அவள் கணவரிடம் திரும்பினார். “உங்க ஆட்டைப் பத்தித்தான் பேச்சு. நீங்க எதுவும் கேட்கலையா?”

“கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுட்டேன்” என்றார் அவர். “நல்ல தீவனம் வாங்கிப் போட வசதி இருக்கிறவங்களுக்கு என் ஆடு சரி. இந்தக் குடும்பங்களுக்கு வேண்டாம்.”

திட்டம் நின்றது. துணை இயக்குநர் பதவி வேறொருவருக்குப் போனதென்று அந்த வாரமே செய்தி வந்தது.

அவளால் வீட்டில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

“சார், ஒண்ணு கேட்கணும். இந்த ஆராய்ச்சிக்கு நிலையத்துல வேற ஆளா இல்லை? அவரைக் கவிழ்க்க என்னையே பிடிச்சீங்களே?”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். “நான் எங்கேம்மா பிடிச்சேன்? அவர்தான் வந்து நின்னார். ‘ஊர்ப்பக்கம் கொடுத்த ஒண்ணு ரெண்டு குட்டிங்க தேறலை சார், என் ஆட்டு மேல எனக்கே சந்தேகமா இருக்கு, யாராவது பார்க்கணும்’னார். உங்ககிட்டக் கொடுக்கச் சொன்னதும் அவர்தான். ‘அவளுக்குத் தெரிஞ்சா மனசு இளகிடும், சொல்லிடாதீங்க’ன்னும் கேட்டுக்கிட்டார்.”

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார்.

“நான்கூட, ‘என்னய்யா, சொந்தப் பொண்டாட்டி உன்னை விட்டுக்கொடுப்பாங்களா?’ன்னு கேட்டேன். அதுக்கு அவர் சொன்னார்: ‘மத்தவங்க எல்லாம் என் பேருக்குப் பயந்து ஆட்டை ஜெயிக்க வெச்சிடுவாங்க சார். எனக்காகப் பொய் சொல்லாத ஒரே ஆள் அவதான்.’”