ஐந்து துறைக்கும் ஒருவர்

“ஆள் யாரா இருந்தாலும் சரி, இவன் திருடன்” என்றார் இயக்குநர், கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தபடி. “எழுதிக்கம்மா. திருடன்ங்கிற வார்த்தை மட்டும் வேண்டாம். கொஞ்சம் நாகரிகமாப் போடு.”

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த உதவி ஆராய்ச்சியாளர் உடனே எதுவும் எழுதவில்லை. மதியச் சாப்பாடு இன்னும் அவள் பைக்குள்ளேயே இருந்தது. இந்த ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தவள், தற்காலிகமாகவே தலை நரைத்துக்கொண்டிருந்தாள்.

திரையில் இருந்தது பெயர் மறைத்த ஒரு ஃபைல். பணி நீட்டிப்பு கேட்கும் விஞ்ஞானிகளின் கட்டுரைகளை மட்டும் வைத்துக்கொண்டு, பெயர், ஊர், நிறுவனம் எல்லாவற்றையும் அழித்து, இன்னொரு விஞ்ஞானியிடம் மதிப்பீட்டுக்கு அனுப்புவது தலைமை அலுவலகம் புதிதாகக் கொண்டுவந்த முறை. யாரிடம் அனுப்புவது என்பதைக் கம்ப்யூட்டரே பொறுக்கி எடுக்கும். விண்ணப்பித்தவர் பெயர் அதற்கும் தெரியாது என்பதால் சிபாரிசுக்கு வழியில்லை.

“காலையில போன் பண்ணிச் சொன்னாங்க” என்றார் இயக்குநர் கொட்டாவியோடு. “மீன் நோய், சிமென்ட், பருத்தி, விஷக் காய்ச்சல், ஏரி மண்ணு, இந்த அஞ்சும் சேர்ந்தாப்ல தெரிஞ்சவர் யாருன்னு தேடினா ஒரே ஒரு பேருதான் வருதாம். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. கடைசில இந்தக் குப்பையை என் தலையில கட்டத்தான் அவ்வளவு புகழ்ச்சி.”

மேஜைமேல் இருந்த போன் அதிர்ந்தது. மறுமுனையில் மனைவி. “இன்னைக்காவது சொல்லுங்க, பெட்டி கட்டறதா வேண்டாமா? பாதி சாமான் அட்டைப்பெட்டியில, பாதி அலமாரியில. ஒரு கரண்டி தேட வேண்டியிருந்தா பத்துப் பெட்டியைப் பிரிக்கறேன்.”

“கை வைக்காதே. எனக்கு நீட்டிப்பு வந்துடும்” என்று சொல்லிப் போனை வைத்தார். அடுத்த மாதம் ஓய்வு. நீட்டிப்பு கிடைக்காவிட்டால் இந்த அறை, கார், தோட்டத்தோடு கூடிய குடியிருப்பு எல்லாவற்றுக்கும் கும்பிடு போட வேண்டியதுதான். வாடகைக்கு வீடு தேடி அலையும் தெம்பு தனக்கும் இல்லை, மனைவிக்கும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதை நினைத்தாலே முழங்கால் வலித்தது.

கதவைத் தட்டிக்கொண்டு மண்ணியல் பிரிவுக்காரர் கட்டுரையோடு வந்தார். எழுதியவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் பத்திரிகைக்கு அனுப்ப முடியும்.

“என் பேரு போட்டிருக்கா?”

“முதல் பேரே உங்களுதுதான் சார்.”

இயக்குநர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிய பிறகு, “எதைப் பத்தி?” என்று கேட்டார். மண்ணியல்காரர் சொல்ல ஆரம்பிப்பதற்குள், “சரி சரி, அனுப்பிடு” என்று அனுப்பிவைத்தார்.

“எங்கே விட்டோம்? ஆங், எழுதும்மா. இந்த விண்ணப்பதாரரின் கட்டுரைகளை நாலாயிரம் பேருக்கு மேல் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். மீன்காரங்க காட்டறாங்க, டாக்டருங்க காட்டறாங்க, பாலம் கட்டறவங்க காட்டறாங்க. ஒரு மனுஷனுக்கு ஒரு மண்டைதானே இருக்கு? அடுத்தவங்க உழைப்புல இவரு பேரை ஏத்திட்டு உலா வர்றாரு. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்.”

“அந்தப் பழமொழியையும் எழுதணுமா சார்?”

“எழுது. பொருத்தமாத்தானே இருக்கு.”

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். “சார், ஒரு தடவை அந்தக் கட்டுரைகளைத் திறந்து பார்த்துட்டு எழுதலாமே.”

“இதெல்லாம் யாரு படிக்கறது? எனக்குத் தெம்பில்லம்மா.”

“மூணாவது கட்டுரை, அந்தப் பருத்தி நோய். அதுக்காக யாரோ ரெண்டு மழைக்காலம் சேத்துல நின்னிருக்காங்க சார்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“தலைப்பைப் பார்த்தாலே தெரியும் சார்.”

“நின்னவன் எவனோ, நெல்லு அள்ளினவன் இவன். அதைத்தானே நானும் சொல்றேன்” என்று இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “கடைசி வரி போடு. நீட்டிப்புக்குத் தகுதியற்றவர். இப்படிப்பட்டவங்களை வீட்டுக்கு அனுப்பினாத்தான் உழைக்கறவங்களுக்கு இடம் கிடைக்கும்.”

அந்த வரியை அவள் நிதானமாக அடித்தாள். “அனுப்பினா மாத்த முடியாது சார். உங்க மதிப்பீடுதான் முடிவு. அனுப்பட்டுமா?”

“அனுப்பு. ஒரு தொல்லை விட்டுது.”

அவள் பொத்தானை அழுத்தினாள். மதிப்பீடு போய்ச் சேர்ந்ததும் மறைத்த பெயரைத் திறந்து காட்டுவதும் அந்தப் புது முறையில் ஓர் அம்சம். திரையில் சின்னச் சக்கரம் ஒன்று சுற்றியது, நின்றது.

“வந்துடுச்சா?” இயக்குநர் கண்ணை மூடியபடியே கேட்டார். “யாரும்மா அந்த மகானுபாவன்? தெரிஞ்சவனா இருந்தாலும் பரவாயில்லை, படி.”

அவள் படிக்கவில்லை. திரையை மெல்ல அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள்.

“வீட்ல பெட்டி கட்டச் சொல்லிடுங்க சார்.”