கட்டில் வரப்போகும் சுவர்

பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தின் சாய்வெயிலில் புது மரவீட்டின் சுவர்ச் சட்டங்கள் தேன்நிறமாக மின்னுகின்றன. குளிர் தாங்கத் தச்சன் தோர்ஸ்தி சொன்ன கண்ணாடிப் பஞ்சு வேண்டாமென்று, புருஷன் ஒய்வா சொன்ன மரநார்ப் பஞ்சையே ஹில்க்கா அடைத்திருக்கிறாள். ‘என்னைக் கட்டிக்கிறியா’ என்று தோர்ஸ்தி அவள் கல்யாணத்துக்கு முன் கேட்டதும் இப்படித்தான் எடுபடாமல் போனது. பஞ்சை மூடிய பிளாஸ்டிக் தாளின் மேல் அவன் நாடா ஒட்டிக்கொண்டிருக்கிறான். “கட்டில் இங்கதான் வருது, பாத்து ஒட்டுப்பா,” என்று ஹில்க்கா சிரிக்கிறாள். “ரெண்டு பேரு மூச்சு ஈரம் உள்ள போனாலே மரம் மக்கிடுமாம்.” அவள் முடியில் ஒட்டிய பஞ்சுத் துகளை ஒய்வா மெல்ல ஊதிவிடுகிறான். தோர்ஸ்தியின் விரலில் தாளின் நகமளவு கிழிசல் ஒன்று தட்டுப்படுகிறது. “எங்கயாச்சும் ஓட்டை இருக்கா?” என்கிறாள். அவன் அதன்மேல் உள்ளங்கையைப் பரப்பி வைக்கிறான். “ஒண்ணுமில்ல. பலகையக் கொண்டா, அடிச்சிடலாம்.”