நாலே மாசம்

"ரெண்டும் ஒண்ணாத்தான் தொட்டுச்சு மேடம். முப்பத்திரண்டு புள்ளி நாலு. ரெண்டு பேருக்கும் அதே டைம்."

நேரம் குறித்த துளசிராம் இரண்டு ஸ்டாப் வாட்ச்சுகளையும் ரோகிணியிடம் நீட்டினார். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற சிவபாண்டி எட்டிப் பார்த்தான். நீச்சல் குளத்தின் நாலாவது லேனில் சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள் அவன் மகள் முத்துமீனா. பன்னிரண்டு வயது. பக்கத்து லேனில் பிருந்தா. அவளுக்கும் அதே வயதுதான்.

மதுரையிலிருந்து ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துப் போகத்தான் ரோகிணி சென்னையிலிருந்து வந்திருந்தாள். தங்குமிடம், சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாவற்றையும் அவளுடைய நீச்சல் அகாடமியே பார்த்துக்கொள்ளும். காலையிலிருந்து இருபத்தேழு பிள்ளைகள் நீந்தி, கடைசியில் இந்த இருவர்தான் மிஞ்சியிருந்தார்கள்.

"பத்து நிமிஷம் ரெஸ்ட் எடுக்கட்டும். மறுபடி விடுவோம்" என்றாள் ரோகிணி.

மறுபடியும் விசில். பிருந்தா அம்பு மாதிரி பாய்ந்து அரை உடம்பு முன்னால் போய்விட்டாள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. முப்பது மீட்டரில் முத்துமீனா அவள் தோளைப் பிடித்துவிட்டாள். நாற்பதில் யார் முன்னால் என்றே தெரியவில்லை. தெறிக்கிற தண்ணீரும் நாலு கைகளும்தான் தெரிந்தன. சுற்றிலும் எல்லாரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். சிவபாண்டி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான்.

துளசிராம் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இப்பவும் அதே கதைதான் மேடம். நூலளவுகூட வித்தியாசம் இல்லை."

ரோகிணி இரண்டு பிள்ளைகளையும் பெற்றவர்களோடு மேசைக்கு அழைத்தாள்.

"எத்தனை வருஷமா நீந்துறா?" என்று பிருந்தாவின் அம்மா ரங்கநாயகியைக் கேட்டாள்.

"ஆறு வயசுல சேத்தோம் மேடம். ஆறு வருஷமாச்சு. காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். தீபாவளிக்குக்கூட லீவு போட்டதில்லை." சொல்லும்போதே ரங்கநாயகிக்கு முகம் மலர்ந்தது.

"உங்க பொண்ணு?"

சிவபாண்டி ஒரு அடி முன்னால் வந்தான்.

"கோச்சிங் எல்லாம் கிடையாதுங்க மேடம். நமக்கு ஊரு வண்டியூருக்குக் கிழக்க. தோட்டத்துக் கிணத்துல குதிச்சு விளையாடுன பிள்ளை. இந்த மாதிரி குளத்துல இறங்கி நாலு மாசம் இருக்கும்."

ரோகிணியின் பேனா நின்றது. "நாலே மாசமா? யாரும் சொல்லிக் குடுக்கலையா?"

"நமக்கு யாரு மேடம் இருக்கா சொல்லிக் குடுக்க?"

துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற முத்துமீனா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"துளசிராம் சார், கேட்டீங்களா?" ரோகிணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டாள். "நாலு மாசத்துல முப்பத்திரண்டு புள்ளி நாலு. இது பிறவியிலேயே வந்தது சார். இப்படி ஒரு பிள்ளையைத்தான் பத்து வருஷமாத் தேடிக்கிட்டிருக்கேன்."

"அப்ப எம்பொண்ணு பாடுபட்டது தப்பா மேடம்?" என்று கேட்டாள் ரங்கநாயகி.

"தப்பில்லைம்மா. ஆனா ஆறு வருஷத்துல உங்க பொண்ணு வந்த இடத்துக்கு இவ நாலு மாசத்துல வந்திருக்கா. இவளுக்கு ஆறு வருஷம் குடுத்தா எங்க போய் நிப்பா, நீங்களே சொல்லுங்க."

படிக்கட்டிலிருந்து கைதட்டல் எழுந்தது. முன்பின் தெரியாத யார் யாரோ வந்து சிவபாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் கையெழுத்துப் போட்டான். பிருந்தா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வண்டி நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் முத்துமீனா அவன் பின்னாலேயே நடந்தாள். அவன் சாவியைப் போட்டதும் கேட்டாள்.

"ஏன்ப்பா அப்படிச் சொன்ன? நீ தண்ணி சுத்தம் பண்ணுற ஸ்கூல் குளத்துல, அஞ்சு வருசமா தினம் விடியக்கால நாலரை மணிக்கு என்னைய இறக்கிவிட்டு, கையில வாட்ச்சப் பிடிச்சுக்கிட்டு நீதானப்பா சொல்லிக் குடுத்த. காய்ச்சல் அடிச்சப்பக்கூட விடலையே. அம்புட்டையும் இல்லைன்னுட்டியே."

சிவபாண்டி வாசல் பக்கம் கையைக் காட்டினான்.

"உள்ளதைச் சொன்னவுக பிள்ளை அங்க அழுதுக்கிட்டு நிக்குது பாரு."