கால் சுற்று

சிப்காட்டின் காலி மனையில், இரும்புத்தூள் படிந்த மண்ணின்மேல் ஞாயிற்றுக்கிழமை வெயில் கொதிக்கிறது. நடுவில் ஆட்டுக்குட்டி அளவு பெட்ரோல் ரிமோட் கார் ஒன்று நின்ற இடத்திலேயே உறுமி, அடங்கி, நீலப் புகை கக்கி, மறுபடி உறுமுகிறது. ரிமோட்டின் விசையிலிருந்து விரலை எடுக்காத அஹ்சனின் குதிகால் தரையில் நிற்கவில்லை. “மச்சான் நாளிக்கு துபாய்லேர்ந்து வந்துடுவாரு. அவுரு வண்டி இப்டி இருமிக்கினு இருந்தா நான் எடுத்தது தெரிஞ்சிடும், ஜோஷ்வா.” உருக்காலையில் ஃபிட்டரான ஜோஷ்வா குந்தி, கார்புரேட்டர் திருகில் ஸ்க்ரூடிரைவரை வைக்கிறான். தெருவிலுள்ள மொபெட்டுகளுக்கெல்லாம் மைலேஜுக்காகச் செய்வதையே இதற்கும் செய்கிறான்: திருகு கால் சுற்று உள்ளே போகிறது, பெட்ரோல் குறைகிறது. “பொகையே இல்ல பாரு. இப்ப வுடு.” கார் பாய்கிறது. அதன் சத்தம் மெலிந்து கூராகி, ஆலை இரைச்சலையே கிழித்துக்கொண்டு ஓடுகிறது. “இன்னாமா போவுது,” என்கிறான் அஹ்சன், முதல் முறையாகச் சிரித்து. லாரிகள் வரும் சாலை நெருங்கியதும் விரலை எடுக்கிறான். சத்தம் இறங்கவில்லை, இன்னும் ஏறுகிறது. பிரேக்கை அழுத்துகிறான், மறுபடி அழுத்துகிறான். “நான் வுட்டுட்டேன், ஜோஷ்வா. வெரல எடுத்துட்டேன்.” கார் மனையின் விளிம்பைத் தாண்டுகிறது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் இந்தச் சின்ன எஞ்சின் விரலை எடுத்தாலும் அடங்காது, ஏறிக்கொண்டே போகும் என்பது ஜோஷ்வாவுக்கு இப்போதுதான் உறைக்கிறது. அவன் நீட்டிய கையில் ஸ்க்ரூடிரைவர், வெறும் காற்றில், கால் சுற்று வெளியே திரும்புகிறது.