கராம்பின் நிறை

"அசையாம நில்லுங்க மகள். நீங்க அசைஞ்சா கராம்புட நிறை பிசகிப் போகும்."

மூட்டை நிறுக்கும் பெரிய தராசின் பலகையில் ஸக்கியா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். ஒன்பது வயது. சால்வையில் சுற்றி அவள் நெஞ்சோடு அணைத்திருந்த கினிப்பன்றி கராம்பின் மூக்கு மட்டும் வெளியே துடித்தது.

வாப்பா இத்ரூஸ் தராசுக் கம்பியில் எடைக்குண்டை மெல்லத் தள்ளினார். கம்பி எழுந்து, ஆடி, நின்றது. மனதுக்குள் எதையோ கழித்து, சட்டைப்பையிலிருந்த சின்னக் கொப்பியில் ஓர் எண்ணை எழுதி மூடினார்.

வாசனைச் சரக்கான கராம்பு மூட்டையோடு கடைக்கு வந்திருந்த மாரிமுத்து சிரித்தான். "என்னாங்க மொதலாளி, இத்துனூண்டு எலிக்கு மூட்டைத் தராசா? சாக்குல கட்டி கொழும்புக்கு அனுப்பப் போறீங்களா?"

"வாய மூடிக்கிட்டு மூட்டைய இறக்கு."

ஸக்கியா சிரிக்கவில்லை. "கூடியீக்கா வாப்பா?"

"கொஞ்சம். போதாது."

இரத்தோட்டைத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாப் பிள்ளைகள் விட்டுப்போன பிராணி அது. பெயரில் பன்றி இருந்ததால் உம்மா அதைப் 'பங்களா முயல்' என்றுதான் சொல்வாள். காய்ந்த கராம்பின் நிறம் என்பதால் ஸக்கியா வைத்த பெயர் கராம்பு.

நெருப்புக்காய்ச்சலோடு கண்டி ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்துவிட்டு ஸக்கியா வீடு வந்த மறுநாள், கராம்புக்கும் சுகமில்லை என்றார் வாப்பா. தின்னாமல் கிடந்ததாம். தினமும் நிறுக்க வேண்டுமாம். இந்த வெள்ளிக்கிழமைக்குள், ஊரில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி நல்லையா சொன்ன நிறை வராவிட்டால் கண்டிக்கு அனுப்பியே ஆக வேண்டுமாம்.

"கண்டிக்குப் போனா கராம்பு திரும்பி வருமா வாப்பா?"

"ஏன் வராது?"

"பக்கத்துக் கட்டில் வேலம்மாவ காலையில தராசுல ஏத்தினாங்க. நிறை குறைஞ்சிட்டுன்டு சொன்னாங்க. பின்னேரம் பார்த்தா கட்டில் காலி."

இத்ரூஸ் கொப்பியை மறுபடி சட்டைப்பைக்குள் அழுத்தினார். "அது தனியாத் தின்னாது மகள். நீங்க தின்டாத்தான் அதும் தின்னும்."

அதனால் ஸக்கியா தின்றாள். கராம்பு கிடக்கும் தேயிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் சோற்றுப் பீங்கானை வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு கங்குன் கீரைத் தண்டு, தனக்கு ஒரு கவளம். கண்ணை மூடி விழுங்கினாள்.

"நாளைக்கு வெள்ளி," என்றாள் உம்மா கதவோரம் நின்று. இத்ரூஸ் பேசாதே என்று கையால் காட்டினார்.

அன்று பின்னேரமும் நிறுத்தார்கள். இறங்கும்போது ஸக்கியா சுவரைக் காட்டினாள். ஏலக்காய் நிறுக்கும் பித்தளைத் தராசு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சின்னத் தராசுல வெச்சா என்ன வாப்பா? அது அவுன்ஸும் காட்டும்தானே."

"துள்ளிப் பாஞ்சிடும். நீங்க தூக்கிக்கிட்டு நின்டா, கழிச்சிப் பார்த்திடலாம்."

ஸக்கியா பித்தளைத் தராசை அண்ணாந்து பார்த்தாள். தட்டின் ஓரத்தில் பழுப்பு மயிர் இரண்டு ஒட்டியிருந்தன. கையிலிருந்த கராம்பின் மயிரை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

மறுநாள் ஜும்ஆ முடிந்து இத்ரூஸ் கடைக்கு வந்தபோது அப்போதிக்கரி நல்லையா காத்திருந்தார். மடியில் கண்டிக்கு எழுதிய கடிதம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

இத்ரூஸ் நீட்டிய கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். "ஏறுது. ஆனா மெதுவா ஏறுது. இன்னிக்கும் வராட்டி நான் பொறுக்க ஏலாது முதலாளி."

அப்போதிக்கரியைக் கண்டதுமே ஸக்கியா உள்ளே ஓடியிருந்தாள்.

"மகள், பயப்பட வேணாம். கராம்பத் தூக்கிக்கிட்டு வாங்க."

இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். சால்வைச் சுருளை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. பலகையின் முன் வந்து நின்றாள். அதில் ஏற இவ்வளவு நாளும் இல்லாத தயக்கம். உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

இத்ரூஸ் குண்டைத் தள்ளினார். கம்பி ஆடியது. நெடுநேரம் ஆடியது.

நாற்பத்தொரு இறாத்தல்.

கொப்பியைத் திறந்து, எப்போதும் கழிப்பதைக் கழித்தார். கராம்பின் ஒன்றே முக்கால் இறாத்தல். மீதி முப்பத்தொன்பதே கால்.

எட்டிப் பார்த்த நல்லையா பெருமூச்சு விட்டார். பலகையில் நிற்பவளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "நாற்பது வேணும்னு சொன்னேனே முதலாளி. கண்டியில கட்டில் கேட்டு அனுப்பிடுறேன். பிள்ளைக்கு இப்ப சொல்லாதீங்க. தராசைக் கண்டாலே கத்துற பிள்ளை."

இத்ரூஸ் கொப்பியை மூடினார். நல்லையா பேனாவின் மூடியைக் கழற்றினார்.

பலகையிலிருந்து இறங்காமலே ஸக்கியா சால்வையை உதறினாள். உள்ளே ஒன்றுமில்லை.

"கழிக்காதீங்க வாப்பா, கராம்பு பொட்டிக்குள்ள."